நாழிகை வழியும் வான் வழியும்: பேகம்பூரிலிருந்து ஜித்தா வரை

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், இன்றைய மனிதர் கிலோமீட்டரில் விடை சொல்வதில்லை. “ஒன்றரை மணி நேரம்” என்கிறார், அல்லது “ஓர் இரவு ரயில்” என்கிறார். இது இக்காலத்து அவசரத்தின் அடையாளம் என்று சிலர் குறை கூறுவர். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தூரத்தை நேரத்தால் அளப்பதுதான் மனித குலத்தின் மிகப் பழைய வழக்கம் என்பது தெரியவரும். மைலும் கிலோமீட்டரும் பின்னர் வந்தவை. நடையும் பொழுதும் அவற்றிற்கு மிகவும் முந்தியவை.

திண்டுக்கல் நகரின் ஒரு பகுதியாகிய பேகம்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து திருமக்காவுக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 4,250 கிலோமீட்டர். ஹைதர் அலீயின் காலத்திலும் அதே தொலைவுதான், இன்றும் அதே தொலைவுதான். ஒரு முழம்கூடக் குறையவில்லை. ஆயினும் அன்று அந்தத் தொலைவைக் கடக்கப் பல மாதங்கள் ஆயின. இன்று விமானம் ஏறிய ஆறு மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்குகிறோம். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதனால் நாம் பெற்றது எவ்வளவு என்பதை வரலாற்று வழியில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நேரமே அளவுகோல்

தமிழில் ‘நாழிகை வழி’ என்றோர் அளவு உண்டு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்தப் பொழுதில் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவே நாழிகை வழி. பல நாழிகை வழிகள் சேர்ந்தது காதம். நம் முன்னோர் நிலத்தைக் கயிறு போட்டு அளந்தார்கள். வழியையோ தம் கால்களாலும் பொழுதாலும் அளந்தார்கள்.

அரபு மக்களிடமும் இதே வழக்கம் இருந்தது. ‘மர்ஹலா’ என்பது ஒரு நாள் பயணத்தில் கடக்கும் தொலைவு. கடலோடிகளின் அளவு ‘ஜாம்’. அது மூன்று மணி நேரக் கப்பலோட்டம். ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் எட்டு ஜாம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கடலோடி மேதை அஹ்மது இப்னு மாஜித் தம் நூல்களில் இந்த அளவையே கையாண்டார். வடக்கு, தெற்கு நிலையை அறிய விரற்கிடையால் விண்மீனின் உயரத்தை அளந்தார். கடந்த வழியை அறிய ஜாமைக் கணக்கிட்டார். திருமறையின் ‘ஸபா’ அத்தியாயம், சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு வசப்படுத்தப்பட்ட காற்றைப் பற்றிக் கூறும்போதும், அதன் காலைப் போக்கையும் மாலைப் போக்கையும் மாதப் பயணக் கணக்கிலேயே எடுத்துரைப்பது சிந்திக்கத் தக்கது.

உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் பயண நூல் நாட்களாலேயே நெய்யப்பட்டது. 1325-ல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர் திருமக்காவை அடைந்தது 1326-ல். இடையில் ஓராண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அவர் பின்னர் இலங்கையிலிருந்து நம் சோழ மண்டலக் கரைக்கு வந்து, மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் விருந்தினராகத் தங்கியதும் நாம் அறிந்த வரலாறே.

பேகம்பூரின் பாதைகள்

திண்டுக்கல் கோட்டை நிற்கும் பாறையைச் சுற்றிப் பார்த்தால், அவ்வூர் ஏன் அரசர்களின் கண்ணில் பட்டது என்பது புலப்படும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். இரண்டுக்கும் இடையில் விரிந்த சமவெளி. மதுரையிலிருந்து கோயமுத்தூர்ச் சீமைக்கும், அங்கிருந்து கணவாய்கள் வழியாக மைசூருக்கும், பாலக்காட்டு இடைவெளி வழியாக மலையாளக் கரைக்கும் செல்லும் வழி இந்தச் சமவெளியிலே தான் தொடங்குகிறது.

1755-ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக ஹைதர் அலீ வந்தார். அவருடைய எழுச்சியின் முதற்படி இவ்வூரே எனலாம். 1757-ல் பாலக்காட்டு அரசர் உதவி கோரியபோது ஹைதரின் படை மேற்கு நோக்கிச் சென்றது. ஹைதரின் இளைய சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்குக் காலமானார். அவருடைய அடக்கத்தலமும் அதனை அடுத்த பெரிய பள்ளிவாசலும் அமைந்த பகுதியே ‘பேகம்பூர்’ என்னும் பெயரைப் பெற்றது. அரசகுலப் பெண்மணி ஒருவரின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் இது.

திண்டுக்கல்லிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். விமானத்திற்கு இஃது அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. ஆனால் ஹைதரின் படைக்கு இடையில் மேற்கு, கிழக்கு மலைத்தொடர்கள் கூடும் இடமும், காவிரிக் கிளைகளும், கஜலஹட்டி கணவாயும் குறுக்கிட்டன. பீரங்கி வண்டியை இழுக்கும் எருதுகளின் நடைதான் படையின் நடை. கணவாயை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்கே தூரம் குறைவு, மற்றவருக்கு அதிகம். 1767-லிருந்து 1792 வரை திண்டுக்கல் கோட்டை மைசூரார் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி மாறிச் சென்றதன் இரகசியம் இந்தப் பாதைகளில் அடங்கியிருக்கிறது. 1790-ல் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர்; 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அது நிலையாக அவர்கள் வசமாயிற்று.

திண்டுக்கல் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த நாளில் நிகழ்ந்த ஒரு நெடும்பயணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1786-ல் திப்பு, துருக்கிக் கலீபாவின் தலைநகருக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். குலாம் அலீ கான் தலைமையில், பணியாட்களும் காவலரும் உட்பட ஏறக்குறைய 900 பேர் கப்பல்களில் புறப்பட்டனர். மஸ்கத், பஸ்ரா, பாக்தாத் வழியாக அவர்கள் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தது 1787 செப்டம்பரில். திரும்பும் வழியில் ஹஜ்ஜையும் நிறைவேற்றினர். போக வரவும் தங்கவுமாக மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கடலும் நோயும் குழுவில் பெரும்பாலோரைக் கொண்டு சென்றன. தாயகம் திரும்பியவர்கள் மிகச் சிலரே. அரசன் அனுப்பிய தூதருக்கே இந்தக் கதியென்றால், சாதாரண ஹாஜியின் நிலையை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பருவக்காற்றும் பிறையும்

பாய்மரக் காலத்தில் நம் நாட்டிலிருந்து செங்கடலுக்குச் செல்லக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்பார்த்தன. திரும்பி வருவதற்குத் தென்மேற்குக் காற்று வேண்டும். அதுவும் அதன் சீற்றம் தணியும் நாட்களில்தான் வரமுடியும். காற்று சூரியனின் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் வீசும். ஹஜ்ஜோ பிறையின் கணக்கில் வருவது. ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகரும்.

இந்த இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகும் ஆண்டுகளில் பயணம் சுருக்கமாக முடியும். ஒத்துப்போகாத ஆண்டுகளில், காற்று இருக்கும்போதே சென்று சேர்ந்துவிட்டு, ஹஜ்ஜுடைய மாதம் வரும்வரை பல மாதங்கள் அங்கே காத்திருக்க வேண்டும். அல்லது ஹஜ் முடிந்த பின்னர் காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். பிறையாண்டு பருவங்கள் அனைத்தையும் சுற்றிவர ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஒருவருடைய ஹஜ் பயணத்தின் நீளம், அவர் எந்தத் தலைமுறையில் பிறந்தார் என்பதைப் பொறுத்துக்கூட மாறியது! கடலில் கழிந்த நாட்கள் சில வாரங்கள்தாம். காத்திருப்பில் கழிந்தவையே மாதங்கள்.

இக்காரணத்தால்தான் ஹஜ்ஜுக்குச் செல்பவர் கடனைத் தீர்த்து, வஸிய்யத்தை எழுதி, உற்றார் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் பொறுப்புக் கேட்டுக்கொண்டு புறப்படும் வழக்கம் நம் ஊர்களில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது. அது வெறும் சடங்கன்று. திரும்பி வருவோம் என்ற உறுதி இல்லாதவர் செய்த ஏற்பாடு அது.

நீராவி கொண்டுவந்த வேகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாறுதல்கள் ஏற்பட்டன. ஒன்று கடலில், மற்றொன்று தரையில். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் செங்கடல் நீராவிக் கப்பல்களின் இராஜபாட்டையாயிற்று. 1871-ல் சென்னையும் பம்பாயும் இரயில் பாதையால் இணைந்தன. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாக இரயில் ஓடத் தொடங்கிற்று. அன்று முதல் பேகம்பூர்வாசி ஒருவர், தம் வீட்டுக்கு அருகிலேயே வண்டி ஏறி, வண்டிகள் மாறிச் சில நாட்களில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்க முடிந்தது. அங்கே ஹாஜிகளுக்கென்று முஸாபிர்கானாக்கள் இருந்தன. 1877-ல் தோன்றிய ஒரு கப்பல் நிறுவனம் பின்னாளில் ‘மொகல் லைன்’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளை ஏற்றிச் சென்றது.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி ஏறக்குறைய 2,350 கடல் மைல். மணிக்குப் பத்துக் கடல் மைல் ஓடும் பழைய கப்பலுக்குப் பத்து நாள் வழி. பிற்காலத்துக் கப்பல்கள் ஏழெட்டு நாட்களில் கடந்தன. காற்றுக்காகக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் காத்திருப்பு ஒழிந்ததா? இல்லை. வேறு உருவம் எடுத்தது.

1865-ல் திருமக்காவில் காலரா பரவிப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. நீராவிக் கப்பல்களும் இரயில்களும் அதே நோயை ஐரோப்பா வரை கொண்டு சேர்த்தன. மனிதர் வேகமாகச் சென்றால் நோயும் வேகமாகச் செல்லும் என்ற பாடத்தை உலகம் அப்போது கற்றது. அடுத்த ஆண்டிலேயே கான்ஸ்டான்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. 1882-ல் செங்கடலின் நுழைவாயிலருகே கமரான் தீவில் துருக்கி அரசு நோய்த் தடுப்பு முகாம் அமைத்தது. கிழக்கிலிருந்து வரும் ஹாஜிகள் அங்கு இறக்கப்பட்டு, உடைமைகள் புகையிடப்பட்டு, பல நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். கப்பலின் வேகத்தால் மிச்சமான நாட்களைக் கமரான் வாங்கிக்கொண்டது.

வேகத்தை விற்றவர்கள் எல்லாரும் பொறுப்பையும் சேர்த்து விற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. 1880-ல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 900-க்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிப் புறப்பட்ட ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல், ஏடனை நெருங்கும் முன் பழுதுற்று நீர் புகத் தொடங்கியது. மாலுமித் தலைவரும் அதிகாரிகளும் ஹாஜிகளைக் கைவிட்டுப் படகில் தப்பிச் சென்று, கப்பல் மூழ்கிவிட்டது என்று அறிவித்தனர். ஆனால் பயணிகளே நீரை இறைத்துக் கப்பலைக் காத்தனர். வேறொரு கப்பல் அதனை இழுத்து ஏடனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. உலகத்தையே திடுக்கிடச் செய்த இந்நிகழ்ச்சியே ஜோசப் கான்ராட் எழுதிய ‘லார்ட் ஜிம்’ நாவலுக்கு வித்தாயிற்று. ஹாஜிகளின் உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் எழுந்ததற்கும், நம் நாட்டில் 1932-ல் துறைமுக ஹஜ் கமிட்டிச் சட்டமும் 1959-ல் ஹஜ் கமிட்டிச் சட்டமும் பிறந்ததற்கும் பின்னணியில், இத்தகைய பல துயரங்கள் உள்ளன.

வான் வழி திறந்தது

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் அதனைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அந்தச் சிறு விமானத்தில் கடிதங்களுக்கே முதலிடம். 1938-ல் அந்தத் தடம் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், ‘போட் மெயில்’ என்று நம் மக்கள் அழைத்த இரயிலும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் சேர்ந்து நம் வணிகரைக் கொழும்புக்குக் கொண்டு சென்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழி அறுந்தது. நிலத்தில் ஒரு வழி அடைபடும்போது வானத்து வழியின் அருமை தெரிகிறது. 2012-ல் மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு புதிய வாசலாயிற்று.

1960-ல் ஏர் இந்தியா போயிங் 707 ஜெட் விமானத்தையும், 1971-ல் 747 பெருவிமானத்தையும் பெற்றது. ஜெட் வந்தபின் பம்பாய்க்கும் ஜித்தாவுக்கும் இடையே இருந்த ஏழெட்டு நாட்கள் சில மணி நேரங்களாயின. ஆயினும் ஏழை ஹாஜிகள் நெடுங்காலம் கப்பலையே நம்பியிருந்தனர். ‘அக்பர்’, ‘நூர்ஜஹான்’ என்னும் கப்பல்களின் பெயர்கள் நம் குடும்பங்களில் உறவினர் பெயர்களைப் போல் வழங்கின. 1995-ல் நம் நாட்டின் ஹஜ் கப்பல் போக்குவரத்து நின்றுபோயிற்று. அதன்பின் வானமே வழி.

1981-ல் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் முனையம் திறக்கப்பட்டது. வெண்ணிறக் கூடாரங்கள் வரிசை வரிசையாக வானில் தொங்குவது போன்ற அதன் கூரையை எழுப்பிய பொறியியல் மேதை, டாக்காவில் பிறந்த வங்காள முஸ்லிம் பஸ்லுர் ரஹ்மான் கான் ஆவார். சிகாகோவின் வானளாவிய சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்புத் தந்தவரும் அவரே. 1982-ல் அதே ஜித்தாவில் அவர் காலமானார். பாலைவனத்துக் கூடாரத்தையும் ஜெட் விமானத்தையும் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வைத்த பெருமை அவருக்கு உரியது.

உருண்டையின் மீது நேர்கோடு

விமானத் தொலைவு என்றால் என்ன? வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடா? அன்று. பூமி உருண்டை, அதன்மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் வில். இந்தக் கணக்கை உலகுக்குச் செம்மையாகக் கற்பித்தவர்களில் நம் முன்னோர் முன்னணியில் நின்றனர். கலீபா மஃமூன், ஸிஞ்ஜார் பாலைவெளியில் அறிஞர்களை அனுப்பி, விண்மீனின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடக்கச் செய்து, பூமியின் ஒரு பாகைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கச் செய்தார். மேதை அல்பீரூனி 1025-ல் கஸ்னாவில் முடித்த நூலொன்றின் நோக்கமே, ஊர்களின் இருப்பிடத்தை வரையறுத்து, அவற்றின் இடைத்தூரங்களைத் திருத்துவதாகும். வணிகக் கூட்டங்கள் சொன்ன வழித்தூரத்தை வாங்கி, வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்து, நேர்த்தூரத்தை அவர் கண்டார். எதற்காக? கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காக.

விமானம் செல்லும் குறுக்குவழியும், தொழுபவர் முகம் திருப்பும் கிப்லாவும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். திண்டுக்கல்லுக்கு அக்கணக்கைப் போட்டால், கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய இருபத்தொன்றரை பாகை சாய்ந்தது. தொலைவு முன்னர்க் கூறிய 4,250 கிலோமீட்டர். பேகம்பூர்ப் பள்ளிவாசலில் வரிசையில் நிற்பவர் முகம் நோக்கும் அந்தத் திசையில் ஒரு விமானம் நேராகப் பறக்குமானால், அது மேற்குத் தொடர்ச்சி மலையையும் அரபிக் கடலையும் தாண்டி, அரபு நாட்டுக்குள் நுழைந்து திருமக்காவை அடையும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

ஆனால் பேகம்பூரில் விமானம் ஏற முடியாதே! தமிழ்நாட்டு ஹாஜிகள் புறப்படும் இடம் சென்னை. பேகம்பூரிலிருந்து சென்னைக்குச் சாலையில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். அதுவும் வடகிழக்கே, அதாவது கிப்லாவுக்குப் புறம்காட்டி! சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேர்த்தொலைவு ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர். நேரம் ஏறக்குறைய ஆறு மணி. காரிலோ பேருந்திலோ சென்னை செல்ல ஆறேழு மணி நேரம் ஆகிறது. ஆக, சென்னைக்குச் செல்லும் நேரமும், அங்கிருந்து கடலையும் பாலையையும் கடந்து ஜித்தா செல்லும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. பத்தில் ஒரு பங்குத் தூரத்துக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியதும், 2023 செப்டம்பரில் வந்தே பாரத் வண்டி வந்ததும் இந்தப் பாதி நேரத்தைக் குறைக்க எடுத்த முயற்சிகளே.

2022-ல் ஒரு விசித்திரம் நேர்ந்தது. கொரோனா நோய்க்குப் பின் நாட்டின் புறப்பாட்டு நிலையங்கள் குறைக்கப்பட்டபோது சென்னை நீக்கப்பட்டது. தமிழக ஹாஜிகள் அனைவரும் கொச்சி சென்று விமானம் ஏற நேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை மக்களுக்கு அது பெரும் சிரமம். தமிழக அரசு வேண்டுகோள் விடுத்தது. 2023-ல் சென்னைக்கு அந்த உரிமை மீண்டது. அது நியாயமே. ஆயினும் திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது. கொச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 175 கிலோமீட்டர். சென்னை ஏறக்குறைய 380. கொச்சி கிப்லாவின் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஜித்தாவும் 4,170 கிலோமீட்டர்தான். மலை குறுக்கிடுவதால் சாலைத் தூரம் 250 கிலோமீட்டருக்குக் குறையாது என்பது உண்மை. ஆனாலும் பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்னும் அந்த வழி, ஹைதரின் படை சென்ற பழைய மேற்கு வழியே அன்றோ? தூரம் என்பது வரைபடத்தில் மட்டும் இல்லை, நாம் நிற்கும் இடத்திலும் இருக்கிறது.

பயணமும் மார்க்கமும்

வேகம் வளர்ந்தபோது மார்க்கச் சட்டத்தில் கேள்விகள் எழுந்தன. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. அதற்குரிய தூரம் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. ஹனபீ மத்ஹபில் மூன்று நாள் நடை. இரண்டும் நாட்களாலேயே அளக்கப்பட்டவை. இக்காலத்து ஆலிம்கள் பலர் அதனை ஏறக்குறைய 77-லிருந்து 82 கிலோமீட்டர் வரை என்று மதிப்பிடுவர். வேறு கணக்குகளும் உள்ளன. இந்த மதிப்பின்படி, பேகம்பூரிலிருந்து மதுரைக்குச் செல்பவர் பயணி ஆவதில்லை. திருச்சிக்குச் செல்பவர் ஆகிறார். மூன்று நாள் நடையை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தால் சலுகை போய்விடுமா? இல்லை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. சலுகை பயணத்துக்கு உரியது. களைப்பின் அளவைப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று.

இஹ்ராமின் எல்லை இன்னும் நுட்பமானது. கப்பலில் சென்ற நம் ஹாஜிகள் யலம்லம் மலைக்கு நேராக வரும்போது இஹ்ராம் அணிந்தனர். எல்லை நெருங்குகிறது என்ற அறிவிப்பு வந்ததும் குளித்து, உடைமாற்றி, தல்பியா முழங்க நேரம் இருந்தது. விமானமோ எல்லையைக் கண்ணிமைக்கும் பொழுதில் கடந்துவிடுகிறது. ஆகவே நேரே ஜித்தா செல்பவர்கள் வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடை உடுத்தி, எல்லைக்கு முன் நிய்யத்துச் செய்கின்றனர். முதலில் மதீனா செல்பவர்களுக்குத் துல்ஹுலைஃபா எல்லை. கடலில் ஒரு நாள் நிகழ்ச்சியாக இருந்தது, வானத்தில் ஒரு நிமிட எச்சரிக்கையாகிவிட்டது.

பொழுதும் விளையாட்டுக் காட்டுகிறது. ஜித்தாவின் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆறு மணி நேரம் பறந்து இறங்குபவரின் கைக்கடிகாரம், அவ்வூர்க் கணக்குப்படி மூன்றரை மணி நேரமே கடந்ததாகக் காட்டும். சூரியனை விரட்டிக்கொண்டு மேற்கே செல்பவருக்குப் பகல் நீள்கிறது. தொழுகை நேரங்கள் விலகிச் செல்கின்றன. காற்றின் ஆதிக்கமும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மேல்வானத்தில் மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் போகும் பயணம் நீளும். திரும்பும் பயணம் சுருங்கும். பாய்மரக் காலத்துக் காற்று இப்போது முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலிருந்து நம் கடிகாரத்தைத் தொடுகிறது!

மிச்சமான நேரம் எங்கே?

பாய்மரக் காலத்தில் ஹாஜி காற்றுக்காகக் காத்திருந்தார். நீராவிக் காலத்தில் கமரானில் காத்திருந்தார். இன்று அவர் காத்திருப்பதே இல்லையா? காத்திருக்கிறார், தம் வீட்டில்! 1988-ல் இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு, பத்து இலட்சம் முஸ்லிம்களுக்கு ஆயிரம் ஹாஜிகள் என்று வரையறுத்தது. விமானங்கள் பெருகிக் கூட்டம் எல்லை மீறியதன் விளைவு அது. 2024-ல் இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 1,75,025. விண்ணப்பம் மிகும் ஆண்டுகளில் குலுக்கல் நடக்கிறது. பெயர் வராதவர் அடுத்த ஆண்டை எதிர்நோக்குகிறார். வழி சுருங்கச் சுருங்க, வழியில் இருந்த காத்திருப்பு வீட்டு வாசலுக்கே வந்து அமர்ந்துகொண்டது என்பதே இந்த வரலாறு தரும் பாடம். காத்திருப்பு இடம் மாறியிருக்கிறதே அன்றி, ஒழிந்துவிடவில்லை.

வழியில் காத்திருந்தவர் ஏற்கெனவே ஹாஜியாகத் தம்மைக் கருதினார். ஒவ்வொரு நாளும் அவரை மக்காவின் அருகே கொண்டு சென்றது. வீட்டில் காத்திருப்பவருக்கு அந்த உணர்வு தானாக வருவதில்லை. தாமே வரவழைத்துக்கொள்ள வேண்டும். கடனைத் தீர்ப்பது, பிணக்கை முடிப்பது, பொருளை ஹலாலாக்கிக்கொள்வது, மனாஸிக்கைக் கற்றுக்கொள்வது ஆகிய இவை அனைத்துக்கும் அன்று கப்பல் பயணம் அவகாசம் தந்தது. இன்று குலுக்கலின் தாமதம் அவகாசம் தருகிறது. விமானத்தில் ஆறு மணி நேரத்தில் உடல் ஜித்தாவை அடையலாம். உள்ளம் அடைய அது போதாது.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். விமானம் எவ்வளவு வேகமாகச் சென்றாலும், தவாபின் ஏழு சுற்றுகள் ஏழுதாம். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு நடையும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்; முடிந்தவர் அதனைத் தம் கால்களாலேயே கடக்க வேண்டும். அரபாத்தில் நிற்க வேண்டிய பொழுதை எந்த இயந்திரமும் குறைக்கவில்லை. 2018-ல் ஓடத் தொடங்கிய விரைவு இரயில், ஒட்டகக் கூட்டங்கள் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கடந்த மக்கா, மதீனா வழியைச் சில மணி நேரமாக்கிற்று. ஆனால் அன்னை ஹாஜர் (அலை) ஓடிய வழி இன்றும் நாழிகை வழியாகவே இருக்கிறது. உலகின் தூரங்கள் எல்லாம் மணிக் கணக்கில் சுருங்கிவிட்ட பின்னரும், நடந்தே அளக்க வேண்டிய ஒரு தூரத்தை அல்லாஹ் நமக்காக மிச்சம் வைத்திருக்கிறான். பேகம்பூரிலிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும், நாம் அனைவருக்கும், அந்தத் தூரத்தை நடந்து நிறைவேற்றும் பாக்கியத்தை அவன் அருள்வானாக!